மூன்று கிதார்களுக்கு நடுவே ஒரு குரல்: கீத் ரெல்ஃப்

அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் குழுவான யார்ட்பேர்ட்ஸ் என்று சொன்னதும் எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ் என்று மூன்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். கிதார் பிடித்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1963 முதல் 1968 வரை மைக் முன்னால் நின்றவர் மட்டும் மாறவில்லை. அவர் கீத் ரெல்ஃப். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "இவ்வளவு பெரிய கிதார்காரர்களுக்கு ஈடுகொடுக்கும் குரல் அவரிடம் இல்லை." இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்து ஒலிபெருக்கிகள் எப்படி இருந்தன, அவருடைய நுரையீரல் எந்த நிலையில் இருந்தது, எந்தப் பாட்டை யார் பதிவு செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

ரெல்ஃப் 1943 மார்ச் 22 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். மெட்ரோபாலிட்டன் புளூஸ் குவார்டெட் என்ற சின்னக் குழுவில் பால் சாம்வெல்-ஸ்மித்தோடு தொடங்கி, 1963-ல் யார்ட்பேர்ட்ஸ் உருவானது. ரெல்ஃப் பாட்டும் மவுத் ஆர்கனும், சாம்வெல்-ஸ்மித் பேஸ், கிறிஸ் ட்ரேஜா ரிதம் கிதார், ஜிம் மெக்கார்ட்டி டிரம்ஸ். முதல் லீட் கிதார்காரர் டாப் டாப்ஹாம் இன்னும் படிக்கிற பையன். முழுநேரமாக வாசிக்க வீட்டில் விடவில்லை. அவர் விலகியதும் அந்த அக்டோபரில் கிளாப்டன் வந்தார். ரிச்மண்டின் கிராடாடி கிளப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் விட்டுப்போன இடம் இவர்களுக்குக் கிடைத்தது. கிளப்பை நடத்திய ஜோர்ஜியோ கொமெல்ஸ்கியே மேனேஜரும் ஆனார். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க புளூஸ் மேதை சன்னி பாய் வில்லியம்சன் இங்கிலாந்து வந்தபோது அவருக்குப் பின்னால் வாசித்ததும் இவர்கள்தான். மவுத் ஆர்கனில் கரைகண்ட ஒருவர் பக்கத்தில் இருபது வயதுப் பையன் நிற்பது என்பது பெரிய பள்ளிக்கூடம்.

ஆனால் அந்தப் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. 1964-ல் ஒரு நுரையீரல் சுருங்கிப்போய் உயிர்போகும் நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சில நிகழ்ச்சிகளுக்கு மிக் ஓ'நீல் என்பவர் அவர் இடத்தில் பாடினார். அன்றைய கிளப்புகள் தாழ்ந்த கூரை, ஜன்னல் இல்லாத அறை, சிகரெட் புகை, வியர்வை நீராவி. ஆஸ்துமாக்காரர் ஒதுங்க வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில். மேடையிலேயே அவர் இன்ஹேலர் அடித்துக்கொள்வார் என்று கூட வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த இன்ஹேலர் இன்றைய இன்ஹேலர் அல்ல. அளந்து அடிக்கும் இன்ஹேலரே 1956-ல்தான் சந்தைக்கு வந்தது. அறுபதுகளில் பரவலாக இருந்த மருந்து ஐசோப்ரினலின். மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், ஆனால் கூடவே இதயத்தையும் தட்டி எழுப்பிவிடும். பலனும் சீக்கிரம் தீர்ந்துபோகும், மறுபடி அடிக்கச் சொல்லும். பிரிட்டனில் அறுபதுகளின் நடுவில் இளம் ஆஸ்துமா நோயாளிகளின் சாவு திடீரென்று ஏறியதற்கு இந்த மருந்தின் அதிக வீரிய வடிவத்தைத்தான் பிற்பாடு பலர் காரணம் காட்டினார்கள். இதயத்தை அவ்வளவாகத் தொடாத சால்ப்யூட்டமால் 1969-ல் வந்தது. வீக்கத்தையே அடக்கும் ஸ்டீராய்ட் இன்ஹேலர் 1972-ல். யார்ட்பேர்ட்ஸ் கலைந்தது 1968-ல். கணக்கைப் பாருங்கள்: அவருக்குத் தேவைப்பட்ட ஐந்தாண்டில் இரண்டுமே இல்லை.

இதோடு மவுத் ஆர்கனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புளூஸ் வாசிப்பில் கருவியை அதன் சொந்த சுருதியில் வாசிப்பது குறைவு. பாட்டு E சுருதியில் என்றால் கையில் எடுப்பது A சுருதி மவுத் ஆர்கன். ஏனென்றால் அப்போது பாட்டின் ஆதார சுரம் இரண்டாம் துளையை உறிஞ்சும்போது கிடைக்கும், புளூஸுக்கு உயிரான வளைந்த சுரங்களும் ஒன்று முதல் நான்கு வரை உள்ள துளைகளை உறிஞ்சும்போது வசமாக வரும். நாக்கைப் பின்னால் இழுத்து வாயின் உட்புறத்தைப் பெரிதாக்கினால் சுரம் கீழே இறங்கும். மூன்றாம் துளையில் மட்டும் அப்படி மூன்று படி இறக்கலாம். விஷயம் என்னவென்றால், இப்படி வாசிக்கும்போது காற்று உள்ளே போவது அதிகம், வெளியே வருவது குறைவு. ஆரோக்கியமானவருக்கே இரண்டு சுற்று வாசித்ததும் நெஞ்சு முட்டிக்கொள்ளும். ஊதும் சுரம் வருகிற இடத்தில் அப்படிப்பட்டவர் மூக்கு வழியாகவும் காற்றை விட்டுச் சமாளிப்பார். ஆரோக்கியமான நுரையீரல் முழு மூச்சில் முக்கால் பங்குக்கு மேல் முதல் ஒரு நொடியிலேயே வெளியேற்றிவிடும். ஆஸ்துமாவில் சிக்கலே அங்கேதான்: குழாய் சுருங்கியிருப்பதால் உள்ளே போனது சீக்கிரம் வெளியே வராது. உறிஞ்சி வாசிக்கும் கருவி, ஊத முடியாத நெஞ்சு. அது முடிந்த கையோடு அடுத்த சரணத்தைப் பாட வேண்டும்.

1964 மார்ச்சில் மார்க்கீ கிளப்பில் பதிவாகி அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்' இசைத்தட்டில் இதைக் காதால் கேட்கலாம். 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' ஐந்தரை நிமிடம் ஓடுகிறது. பாட்டு வரிகளைக் குறுக்கி, அரைவாசியில் விட்டு, அந்த இடைவெளியை மவுத் ஆர்கனால் நிரப்புகிறார். மூல வடிவத்தில் அமெரிக்க புளூஸ் பாடகர் ஹௌலின் உல்ஃப் நெஞ்சு முழுக்கக் காற்றை வைத்துக்கொண்டு உறுமும் இடத்தில் ரெல்ஃப் மெலிதாக, கொஞ்சம் மூக்கால், விட்டு விட்டுப் பாடுகிறார். நகலெடுக்கத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. தன்னிடம் இருக்கிற காற்றை வைத்துப் பாட்டை வேறு அளவில் வெட்டித் தைத்திருக்கிறார்.

அடுத்தது ஒலிபெருக்கி. இதை யாரும் சரியாகப் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1964-ல் பிரிட்டிஷ் பீட் குழுக்களின் கிதார் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) என்றால் வாக்ஸ் ஏசி30. முப்பது வாட். லீடுக்கு ஒன்று, ரிதமுக்கு ஒன்று, பேஸுக்கு அதே அளவோ கொஞ்சம் கூடவோ. டிரம்ஸுக்கு மைக்கே கிடையாது, தேவையும் இல்லை. பாடகருக்குக் கிடைத்தது ஐம்பது, மிஞ்சினால் நூறு வாட் ஆம்ப் ஒன்றும், மேடையின் இரு ஓரத்தில் நிற்கும் இரண்டு ஒல்லியான தூண் ஸ்பீக்கர்களும். காகிதத்தில் பார்த்தால் பாடகருக்குக் குறைவில்லை என்று தோன்றும். நடைமுறையில் கிதார்காரர் தன் ஆம்பை முழுக்கத் திருகலாம். திருகத் திருக ஒலி கனத்துப்போய் நன்றாகவே இருக்கும். பாடகர் அப்படித் திருக முடியாது. மைக்கில் விழுந்த ஒலி ஸ்பீக்கரில் வந்து, சுவரில் மோதி, மறுபடி மைக்கில் விழுந்ததும் ஊளை கிளம்பும். ஊளை தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதுதான் அவருடைய உச்ச ஒலி. அந்த அளவு ஆம்பின் வாட்டை வைத்துத் தீர்மானமாவதில்லை. அறையும், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரமும், தூண்கள் நிற்கும் இடமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. தூண்கள் பாடகருக்குப் பின்னால் போனால் கதை முடிந்தது.

மவுத் ஆர்கன் வந்தால் இன்னும் மோசம். ஒரே மைக், ஒரே வால்யூம். குரலுக்கு என்று வைத்த அளவில் மவுத் ஆர்கனை மைக்கோடு சேர்த்துக் கைக்குள் பொத்தினால் ஒலி உடைந்து கரகரக்கும். அந்தக் கரகரப்பு புளூஸுக்கு அழகு. ஆனால் முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும்படி செய்யப்பட்ட மைக்கின் பின்துளைகளைக் கை மூடிவிட்டால், அது எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். ஊளை உடனே வரும். ஊளைக்குப் பயந்து வால்யூமைக் குறைத்தால், மவுத் ஆர்கன் முடிந்து பாடத் தொடங்கும்போது குரல் அமுங்கிப்போகும். அதைத் தூக்கிவிட ஒலிப்பதிவு மேசைக்காரர் யாரும் அரங்கில் உட்கார்ந்திருக்கவில்லை. பாடகர் தானே குனிந்து திருக வேண்டும்.

தன் குரலைத் தானே கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரும் அப்போது வழக்கத்தில் இல்லை. தன் குரல் காதில் விழாதவர் இரண்டில் ஒன்று செய்வார்: சுருதியை விட்டுச் சற்றுக் கீழே இறங்குவார், அல்லது கத்துவார். ரெல்ஃபின் நேரடிப் பதிவுகளில் முதலாவது நிறையவே கேட்கிறது. கத்துவதற்கு அவரிடம் காற்று இல்லை. கிளாப்டன் இடத்துக்குப் பெக் வந்தபிறகு மேடை ஒலி கூடியது, பேஜ் காலத்தில் இன்னும் கூடியது. பாடகர் பக்கம் உருப்படியான மாற்றம் வந்தது 1967 ஆகஸ்டில் வின்ட்சர் விழாவில், வெம் நிறுவனத்து சார்லி வாட்கின்ஸ் ஆயிரம் வாட்டுக்குப் பாட்டு ஒலிபெருக்கியைக் கட்டி நிறுத்தியபோது. அது பரவலாகி ஊர் ஊராகப் போவதற்குள் யார்ட்பேர்ட்ஸ் முடிந்துவிட்டது.

அவர்களுடைய மேடை வித்தையான 'ரேவ்-அப்' இந்த நெருக்கடிக்கும் ஒரு வகையில் உதவியது. அதன் கட்டமைப்பு எளிது. இரண்டு சரணம் பாடியதும் குரல் ஒதுங்கும். டிரம்ஸ் தாளத்தை இரட்டிப்பாக்கும். சாம்வெல்-ஸ்மித் தன் எபிஃபோன் ரிவோலி பேஸில் கீழ்ச்சுரத்தை விட்டுவிட்டுப் படிப்படியாக மேலே ஏறுவார். கிதாரும் மவுத் ஆர்கனும் ஒன்றையொன்று துரத்தும். உச்சத்தில் எல்லாம் சட்டென்று விழுந்து பழைய தாளத்துக்குத் திரும்பும். சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: வேகத்தை இரட்டிப்பாக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிக்கொண்டு போனால் திரும்பி இறங்க இடம் தெரியாது. மெக்கார்ட்டி அதில் கெட்டி. 1965 செப்டம்பரில் சிகாகோவின் செஸ் ஸ்டூடியோவில் பதிவான 'ஐ'ம் எ மேன்' இரண்டரை நிமிடச் சொச்சத்தில் இது முழுவதையும் செய்துகாட்டுகிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 17-ம் இடம் வரை போனது. பாதிக்கு மேல் பாட்டே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது 'ஃபார் யுவர் லவ்'. கிரஹாம் கௌல்ட்மன் எழுதியது. 1965 பிப்ரவரி 1, லண்டன் ஐபிசி ஸ்டூடியோ. பிரயன் ஆகர் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) வாசித்தார், கூட பாங்கோஸ் என்ற சின்ன முழவுகள், வில் போட்டு வாசித்த பெரிய பேஸ். ஏற்பாடெல்லாம் சாம்வெல்-ஸ்மித். கிளாப்டனுக்கு நடுவில் வரும் வேகமான துண்டில் மட்டுமே வேலை. அந்தக் கோபத்தில் தட்டு வந்த கையோடு குழுவை விட்டுப் போனார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. யாரும் சொல்லாதது, அந்தப் பாட்டு ரெல்ஃபுக்கு என்ன செய்தது என்பது. வரிகள் குட்டை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கூட்டுக்குரல்கள் பல்லவியைத் திருப்பிச் சொல்ல, அந்த இடைவெளியில் அவர் நிதானமாக மூச்சு எடுக்கிறார். குரலோடு மோத கிதார் இல்லை. ஹார்ப்சிகார்டின் ஒலி தட்டியதும் தேய்ந்துபோகிற ஒலி, குரலுக்கு வழிவிட்டு விலகும். ஸ்டூடியோவில் மைக் பக்கத்தில் இருப்பதால் கத்தத் தேவையில்லை. அந்த மெலிந்த, சோகம் கலந்த குரல் திடீரென்று மிகச் சரியாகப் பொருந்துகிறது. பிரிட்டனில் 3-ம் இடம், அமெரிக்காவில் 6-ம் இடம்.

அடுத்த ஒரு வருடம் இதே பாதை. 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' பிரிட்டனில் 2-ம் இடம். அதற்கு முதலில் சித்தார் வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை, பெக் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டியோடு அதே மெட்டைக் கிதாரில் கொண்டுவந்தார். 'ஸ்டில் ஐ'ம் சேட்' தேவாலயத் துறவிகளின் கூட்டிசை போல. நீண்டு நிற்கும் சுரங்களைப் பல குரல்கள் பிடித்திருக்கும்போது ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் தாங்கலாம், கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. ரெல்ஃபுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இருக்க முடியாது. 'ஷேப்ஸ் ஆஃப் திங்ஸ்' 1966 தொடக்கத்தில் 3-ம் இடம். எழுதியவர்களில் ரெல்ஃபும் ஒருவர். போரும் மண்ணின் அழிவும் பற்றி ஒரு பாப் பாட்டில் அவ்வளவு சுருக்கமாக, அலட்டிக்கொள்ளாமல் பாடியிருக்கிறார். அவர் குரலுக்கு என்ன வேண்டும் என்று அறிந்தவர் சாம்வெல்-ஸ்மித். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே இதுதான்: ரெல்ஃபின் நல்ல காலம் எது என்று பார்த்தால், பதிவு மேசையில் சாம்வெல்-ஸ்மித் இருந்த காலம்.

தொல்லைகளும் அப்போதே சேர்ந்துகொண்டிருந்தன. 1966 ஜனவரியில் கொமெல்ஸ்கி இவர்களை இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாவுக்கு அழைத்துப்போனார். சம்பந்தமே இல்லாத இரண்டு பாட்டுகள், அதில் ஒன்றுக்கு வாசிக்கவே பெக் மறுத்துவிட்டார். மாட்டிக்கொண்டவர் பாடகர். பாடகரை மட்டும் தனியாக உருவிவிடலாமா என்ற யோசனையும் எழுந்தது: 1966 மே மாதம் ரெல்ஃப் பெயரில் 'மிஸ்டர் ஸீரோ' என்ற தனித் தட்டு வந்தது. பாப் லிண்ட் எழுதிய அமைதியான பாட்டு. அழகாகப் பாடியிருக்கிறார். பிரிட்டனில் 50-ம் இடத்தைத் தொட்டுவிட்டுக் காணாமல் போனது. நவம்பரில் வந்த அடுத்த தனித் தட்டு 'ஷேப்ஸ் இன் மை மைண்ட்'. அதற்கு அந்த இடமும் கிடைக்கவில்லை.

குடி கூடிக்கொண்டே போனது. ஓயாத பயணம், மூச்சு, தன் குரலே கேட்காத மேடை. காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 1966 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்ட் குவீன்ஸ் கல்லூரியின் 'மே பால்' நடன விருந்து. டக்ஸிடோ போட்ட கூட்டத்தின் முன்னால் ரெல்ஃப் நிற்க முடியாத போதையில் மைக்கில் வாயால் காற்றுச் சத்தம் விட்டுக்கொண்டு உருண்டார். சாம்வெல்-ஸ்மித் அன்றிரவே விலகினார். அங்கே பார்வையாளராக நின்றிருந்த ஜிம்மி பேஜ் முதலில் பேஸ் வாசிக்கத்தான் வந்தார், கிதாருக்கு மாறியது பிற்பாடு. குழுவின் வரலாற்றில் இது பேஜ் நுழைந்த இரவு என்றே எழுதப்படுகிறது. ரெல்ஃபின் வரலாற்றில், தன் குரலுக்குச் சட்டை தைக்கத் தெரிந்த ஒரே ஆளைத் தானே விரட்டிய இரவு.

அதற்குச் சில நாள் முன்புதான் அட்விஷன் ஸ்டூடியோவில் ஐந்தே நாளில் ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார்கள். 'ரோஜர் தி எஞ்சினியர்' என்று எல்லாரும் அழைக்கும் தட்டு. 'டர்ன் இன்டு எர்த்', 'ஃபேர்வெல்' இரண்டும் ரெல்ஃப் எங்கே போக விரும்பினார் என்பதற்கு அடையாளம். அந்த இலையுதிர் காலத்தில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'ப்ளோ-அப்' படத்துக்காக 'தி ட்ரெயின் கெப்ட் எ-ரோலின்' பாட்டை உரிமைப் பிரச்சினைக்காக மாற்ற வேண்டிவந்தது. ரெல்ஃப் புது வரிகள் எழுதினார், 'ஸ்ட்ரோல் ஆன்' ஆனது. பெக்கும் பேஜும் சேர்ந்து திரையில் வாசிக்கும் அந்தக் காட்சியில் கூட எல்லார் கண்ணும் உடைபடும் கிதார் மேல்தான். பிறகு அமெரிக்காவில் டிக் கிளார்க்கின் பஸ் சுற்றுப்பயணம். பெக் நடுவழியில் விட்டுப்போனார்.

மிக்கி மோஸ்ட் தயாரிப்பாளராக வந்தபின் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு டேக், அடுத்த பாட்டு. மற்றவர்கள் எழுதிய இலகுவான பாப் பாட்டுகள், 'ஹா ஹா செட் தி கிளவுன்' மாதிரி. 1967-ன் 'லிட்டில் கேம்ஸ்' ஆல்பம் அப்போது பிரிட்டனில் வெளியாகவே இல்லை. அதற்குள் ரெல்ஃப் எழுதிய 'ஒன்லி தி பிளாக் ரோஸ்' புதைந்து கிடக்கிறது: ஒரு அகூஸ்டிக் கிதார், காதருகில் குரல். அந்த ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது அதற்குத்தான்.

1968-ல் நால்வரும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பேஜ் கனத்த ஒலி பக்கம், ரெல்ஃபும் மெக்கார்ட்டியும் அமைதியான பாட்டு பக்கம். ஜூலை 7, லூட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசி நிகழ்ச்சி. பேஜ் புது ஆட்களைச் சேர்த்து, செப்டம்பரில் பழைய ஒப்பந்தத்துக்காக ஸ்கேண்டிநேவியா போய்வந்தார். அந்தக் குழுதான் லெட் ஸெப்பலின். அதன் பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரலைக் காட்டி ரெல்ஃபைக் குறைத்துப் பேசுவது இன்றும் நடக்கிறது. பிளாண்டுக்குக் கிடைத்த ஒலிபெருக்கியும் நுரையீரலும் வேறு.

ரெல்ஃபும் மெக்கார்ட்டியும் 1969-ல் ரெனைஸான்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். ஜான் ஹாக்கன் பியானோ, லூயிஸ் சென்னமோ பேஸ், பாட ரெல்ஃபின் தங்கை ஜேன். முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் வேறு யாருமில்லை, சாம்வெல்-ஸ்மித். ஆக்ஸ்ஃபோர்ட் இரவுக்குப் பிறகும் அந்த உறவு அறுந்துபோகவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஜேனின் தெளிந்த குரல் மேலே போக, கீத் கீழே நின்று கிதாரும் மவுத் ஆர்கனும் பார்த்துக்கொண்டார். பாரத்தில் பாதியை இறக்கி வைத்த மாதிரி. ஆனால் சுற்றுப்பயணம் அவருக்கு ஒத்துவரவில்லை, 1970-லேயே விலகிவிட்டார். பிற்பாடு அன்னி ஹாஸ்லம் பாடிப் புகழடைந்த ரெனைஸான்ஸில் முதல் அணியினர் யாரும் இல்லை.

பிறகு மெடிசின் ஹெட் குழுவுக்குத் தயாரிப்பாளரானார், பேஸும் வாசித்தார். வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலின் டேண்டிலியன் நிறுவனத்தில் வந்த அவர்களுடைய 'பிக்சர்ஸ் இன் தி ஸ்கை' 1971-ல் பிரிட்டனில் 22-ம் இடம் பிடித்தது. 1972-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'. பிங்க் ஃப்ளாய்டுக்கு முந்தைய ஆண்டு! கடைசியாக 1975-ல் ஆர்மகெடான்: மார்ட்டின் பியூ கிதார், சென்னமோ பேஸ், பாபி கால்டுவெல் டிரம்ஸ். ஏ அண்ட் எம் நிறுவனத்துக்கு ஒரே ஆல்பம், ஐந்தே பாட்டு. அதில் 'சில்வர் டைட்ரோப்' எட்டு நிமிடத்துக்கு மேல் மிதந்துகொண்டே போகிறது. ஊர் ஊராகப் போய் வாசித்தால் விற்றிருக்கும். நுரையீரல் அதற்கு இடம்கொடுக்கவில்லை.

1976 மே மாதம் ஹவுன்ஸ்லோவில் தன் வீட்டில் கிதார் வாசிக்கும்போது மின்சாரம் பாய்ந்து இறந்தார். வயது 33. குளியல் தொட்டியில் கிதாரோடு இறந்தார் என்று சுற்றுகிற கதை பொய். காரணம் எர்த் சரியில்லாதது. இது எப்படிக் கொல்கிறது என்று வாசிக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்கிதாரின் கம்பிகள் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஒரு மெல்லிய ஒயரால், கேபிள் செருகும் ஜாக்கின் வெளிப்புற உலோகத்தோடு சேர்க்கப்பட்டிருக்கும். கையை வைத்ததும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். ஜாக்கின் வெளிப்புறம் கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்துக்குப் போகிறது. சட்டம் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னுக்குப் போகிறது. உள்ளே ஏதோ ஒரு ஒயர் உரசியோ, கெப்பாசிட்டர் பழுதாகியோ சட்டத்தில் ஃபேஸ் தொட்டால், எர்த் நன்றாக இருக்கும்வரை பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃப்யூஸ் உடனே போய்விடும். ஆம்ப் செத்துப்போகும், ஆள் பிழைப்பார். எர்த் அறுந்திருந்தால் ஃப்யூஸுக்கு ஒன்றும் தெரியாது. சட்டம், கேபிள், கம்பிகள் எல்லாம் 240 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். வேறெதையும் தொடாதவரை வாசிப்பவருக்கும் தெரியாது. மறுகையோ காலோ எர்த் ஆன எதையாவது தொட்டால் உடம்பு வழியாகப் பாயும். வியர்த்த உடம்பின் தடை ஓரிரண்டு ஆயிரம் ஓம். 240-ஐ 2,000-ஆல் வகுத்தால் 120 மில்லி ஆம்பியர். பத்து இருபதிலேயே விரல்கள் இறுகிக் கம்பியை விட முடியாமல் போகும். நூறைத் தாண்டி ஒன்றிரண்டு நொடி நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பு கலைந்துவிடும். 13 ஆம்பியர் ஃப்யூஸ் இதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

அன்றைய பிரிட்டனில் கருவிகள் பெரும்பாலும் பிளக் இல்லாமலே வரும், வாங்கியவர்தான் மாட்ட வேண்டும். திருகு தளர்ந்து எர்த் ஒயர் கழன்றுவிடுவது சகஜம். இரண்டு கருவிகளைச் சேர்க்கும்போது வரும் ஹம் சத்தத்தை அடக்க எர்த் ஒயரை வேண்டுமென்றே கழற்றிவிடும் கெட்ட பழக்கமும் இருந்தது. 1972 மே மாதம் ஸ்வான்சியில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்திருந்தார். நான்கு ஆண்டுகள் கழிந்தும் பழக்கம் மாறவில்லை.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஆம்பின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, கிதாரை ஆம்பில் செருகி, பிளக்கின் எர்த் பின்னுக்கும் கிதார் கம்பிக்கும் இடையே தடையைப் பாருங்கள். ஓரிரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அதன்பின் பிளக்கைத் திறந்து பாருங்கள். சில புதுவகை ஆம்ப்களும் கிதார்களும் வேறு அமைப்பில் இருக்கும்; அவற்றைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டுவதே முறை. பயிற்சி அறையின் மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். ஹம் சத்தத்துக்கு எர்த்தைக் கழற்றாதீர்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுத்தாலே பாதி ஹம் போய்விடும்.

அவர் இறந்த சமயத்தில் ரெனைஸான்ஸின் முதல் அணி மறுபடி கூடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இல்யூஷன் என்ற பெயரில் தொடர்ந்து 1977-ல் ஆல்பம் வெளியிட்டார்கள், ஜேன் பாடினார். 1992-ல் யார்ட்பேர்ட்ஸ் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ரெல்ஃப் சார்பில் அவர் மனைவியும் மகனும் மேடை ஏறினார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் கிதாரை ஒதுக்கிவிட்டுக் குரலை மட்டும் பின்தொடர்ந்தால் இந்த வரிசை நன்றாக அமையும்: 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' மார்க்கீ பதிவு, 'ஸ்டில் ஐ'ம் சேட்', 'மிஸ்டர் ஸீரோ', 'ஒன்லி தி பிளாக் ரோஸ்', 'சில்வர் டைட்ரோப்'. அதற்குப் பிறகு, 1968 மார்ச் 30 அன்று நியூயார்க் ஆண்டர்சன் தியேட்டரில் பதிவான நிகழ்ச்சி. 1971-ல் எபிக் நிறுவனம் அதைச் செயற்கையான கூட்ட ஆரவாரம் சேர்த்து வெளியிட, பேஜ் தடுத்து நிறுத்தினார். அந்தப் பழைய தட்டோ அதன் திருட்டுப் பதிப்போ கிடைத்தால் தவிர்த்துவிடுங்கள். ரெல்ஃப் மெலிதாக இறங்கும் இடங்களை ஆரவாரம் விழுங்கிவிடுகிறது. 2017-ல் பேஜே ஆரவாரத்தை நீக்கி, ஒலியைச் சீர்செய்து 'யார்ட்பேர்ட்ஸ் 68' என்று வெளியிட்டார். அதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். வரிகளுக்கு நடுவே அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது வரை அதில் கேட்கிறது.